இரண்டு பேர், ஒரு மாரத்தான்: டிஸ்னி வேர்ல்டில் தோழியோடு ஓடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் தோழியும் திருச்சியில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். இப்போது அவள் நியூஜெர்சியில், நான் அட்லாண்டாவில். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு இருவரும் சேர்ந்து ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் மாரத்தானை ஓடி முடித்தோம். அன்றிலிருந்து உறவுக்காரர்கள், அலுவலகத்தார், கோயிலில் பார்ப்பவர்கள் என்று எல்லோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். தோழி படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் ஆட்சேபம் சொன்னாள். திருத்தவில்லை.

இது என்ன ஓட்டம்? கேளிக்கைப் பூங்காவில் மாரத்தானா?

ஆமாம், முழு மாரத்தான். 26.2 மைல், அதாவது 42.195 கிலோமீட்டர். ஆர்லாண்டோவுக்கு அருகில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1994 முதல் ஜனவரி மாதத்தில் நடக்கிறது. வியாழன் அன்று 5 கிலோமீட்டர், வெள்ளி 10 கிலோமீட்டர், சனி அரை மாரத்தான், ஞாயிறு முழு மாரத்தான் என்று நான்கு நாள் திருவிழா. பெரும்பாலும் பொங்கலுக்குச் சில நாள் முன்பு வரும். கரும்பு வாங்க வேண்டிய வாரத்தில் நாங்கள் கால்விரலுக்குப் பிளாஸ்திரி வாங்கிக்கொண்டிருந்தோம்.

பாதை நான்கு பூங்காக்கள் வழியாகவும் போகிறது: மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், எப்காட். 1994இல் முதல் ஓட்டம் நடந்தபோது பூங்காக்கள் மூன்றுதான். அனிமல் கிங்டம் 1998இல்தான் திறந்தது. கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டிலும் ஓட்டப் போட்டிகள் உண்டு, ஆனால் அங்கே அரை மாரத்தானோடு சரி. முழு தூரமும் ஓட வேண்டுமென்றால் ஃப்ளோரிடாவுக்குத்தான் வர வேண்டும்.

பூங்காவுக்குள் 42 கிலோமீட்டருக்கு இடம் இருக்கிறதா?

விளம்பரப் படங்களைப் பார்த்தால் 42 கிலோமீட்டரும் கோட்டைக்கு முன்னால் ஓடுவது போல இருக்கும். உண்மை வேறு. டிஸ்னி வேர்ல்ட் நிலம் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். பூங்காக்கள் அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நெடுஞ்சாலைகளில்தான் ஓட்டத்தின் பெரும்பகுதி கழிகிறது. இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவில் தார், தலைக்கு மேலே பெயர்ப்பலகை. காரில் போகும்போது கவனிக்கவே மாட்டோம்.

ஃப்ளோரிடா சமதரை என்பதால் ஏற்றம் கிடையாது என்று நினைக்க வேண்டாம். மேம்பாலங்களும், சாலையிலிருந்து சாலைக்கு இறங்கும் வளைவுகளும் உண்டு. அந்த வளைவுகள் கார்களுக்காக ஒரு பக்கம் சாய்த்துப் போடப்பட்டவை. அரை மணி நேரம் அதில் ஓடினால் ஒரு கால் மட்டும் நீளமானது போல இடுப்பு வலிக்கத் தொடங்கும். முடிந்தவரை சாய்வு குறைந்த ஓரமாக ஓடுங்கள்.

தோழி வேண்டும் என்று நான் சொல்வது இந்த நெடுஞ்சாலைகளுக்காகத்தான். பூங்காக்களுக்குள் பாட்டும் கூட்டமும் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சாலையில் தள்ளுவதற்கு ஆள் கிடையாது.

நான் ஓட்டக்காரியே இல்லை. முடியுமா?

நானும் இல்லை. விதி இதுதான்: ஒரு மைலுக்கு 16 நிமிடம், கிலோமீட்டர் கணக்கில் ஏறக்குறைய 9 நிமிடம் 56 விநாடி. மொத்தம் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடப்பவர்களுக்கும் எட்டக்கூடிய வேகம்தான், ஆனால் ஏழு மணி நேரம் விடாமல் அதே வேகத்தில் நடப்பது நடைப்பயிற்சி போல இருக்காது. வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது.

நாங்கள் பின்பற்றியது ஓட்டமும் நடையும் கலந்த முறை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பியது. களைத்த பிறகு நடப்பது எல்லோரும் செய்வது. இந்த முறையில் களைப்பதற்கு முன்பே, முதல் மைலிலிருந்தே நடக்க வேண்டும். 30 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை என்று கடிகாரம் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள், வெட்கமாக இருக்கும். நான்காவது மணி நேரத்தில் அவர்களில் பலரை நாம் தாண்டுவோம். அப்போது வெட்கப்படுவது அவர்கள் முறை.

நடைக்கு மாறும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாக ஒதுங்குங்கள், பின்னால் வருபவர் மோதிவிடுவார். இரண்டு பேருக்கு மேல் அருகருகே ஓடக் கூடாது என்பது அங்கே மரியாதை. அந்த வகையில் ஒரே ஒரு தோழியை அழைத்துப் போனது நல்லதாயிற்று.

எங்கள் இருவருக்கும் வேகம் வேறு. யார் வேகத்தில் ஓடுவது?

மெதுவாக ஓடுபவர் வேகத்தில். இதில் விவாதமே வேண்டாம்.

ஓட்டத்துக்கு மூன்று மாதம் முன்பு தோழி அட்லாண்டா வந்து இரண்டு நாள் தங்கினாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரவர் ஊரில் ஓடிவிட்டு, தொலைபேசியில் ‘ஆயிற்று’ என்று சொல்லிக்கொண்டதோடு சரி. முதல் முறையாகச் சேர்ந்து ஓடியபோதுதான் தெரிந்தது, நான் 60 விநாடி ஓடி 30 விநாடி நடப்பவள், அவள் பாதிக்குப் பாதி. அவள் ஓடிக்கொண்டே பேசுவாள். எனக்குப் பேசினால் மூச்சு வாங்கும். ‘கொஞ்சம் நீ கூட்டு, கொஞ்சம் நான் குறைக்கிறேன்’ என்று நடுவழி பேசினோம். ஒரே பயிற்சி ஓட்டத்தில் அது தோற்றது. பதினைந்தாவது கிலோமீட்டரில் அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, எனக்கு அப்போதும் கால் லேசாகத்தான் இருந்தது. தன் வேகத்துக்குக் கீழே ஓடுபவருக்குச் சலிப்பு மட்டும்தான் வரும். மேலே ஓடுபவருக்குத்தான் மருத்துவர் செலவு. அன்று மாலையே நான் என் கடிகாரத்தை 30க்கு 30 என்று மாற்றிவிட்டேன்.

சேர்ந்து ஓடப் போகிறவர்கள் ஒரு முறையாவது, அதுவும் 15 கிலோமீட்டருக்குக் குறையாமல், முன்கூட்டியே சேர்ந்து ஓடிப் பாருங்கள். பதினைந்து வருட நட்பு, முப்பது வருட நட்பு எதுவும் இதற்கு உத்தரவாதம் தராது. கல்யாணத்துக்கு முன் பார்க்காத ஜாதகத்தை இங்கே பார்க்கலாம்.

முன்கூட்டியே என்னவெல்லாம் பேசிவைக்க வேண்டும்?

எங்களிடம் எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்தது. ஓர் உணவகத்தின் கைக்குட்டைக் காகிதத்தில் எழுதியது, இன்னும் வைத்திருக்கிறேன். இருபதாவது மைல் வரை பிரியக் கூடாது. அதன் பிறகு யாராவது ‘நீ போ’ என்று சொன்னால், அதை ஒரு முறைதான் சொல்ல வேண்டும், மற்றவள் ஒரு முறைதான் மறுக்கலாம். புகைப்படத்துக்கு நிற்பது மொத்தம் ஐந்து தடவை, ஆளுக்கு இரண்டு தேர்வு, ஒன்று பொது. கணவன், பிள்ளைகள், அலுவலகம் பற்றிய புலம்பலுக்கு முதல் பத்து மைல் மட்டுமே அனுமதி.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 35 கிலோமீட்டர் ஓடிய மூளையால் எதையும் நியாயமாக முடிவுசெய்ய முடியாது. ‘என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள்’ என்ற மனத்தாங்கலும், ‘இவளால் என் நேரம் போயிற்று’ என்ற மனத்தாங்கலும் அந்த இடத்தில்தான் முளைக்கின்றன. காப்பி குடித்துக்கொண்டே தெளிவான தலையோடு பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பதிவு செய்வதில் இருவர் கவனிக்க வேண்டியது?

இணையத்தில் பதிவு திறந்ததும் இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் கணினி முன் உட்காருங்கள். கிடைக்காவிட்டால் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டித் தரும் வழியில் இடம் பெறலாம். வாங்கிய இடத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆகவே தோழிக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா, உங்களுக்காகத் தலையாட்டுகிறாளா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டக்காரர்களைத் தொடக்கத்தில் கோரல் என்னும் அடைப்புகளில் பிரித்து நிறுத்துகிறார்கள். நம் ஊரில் ஆடு மாடுகளை அடைக்கும் பட்டிக்கு ஆங்கிலத்தில் அதே சொல்தான். முந்தைய ஓட்டச் சான்றை அனுப்பினால் முன் பட்டி, இல்லாவிட்டால் பின் பட்டி. இருவருக்கும் வேறு வேறு பட்டி கிடைத்தால், முன்னால் இருப்பவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவர் முன்னே போக முடியாது.

மார்பில் குத்தும் எண் அட்டையை அவரவர் அடையாள அட்டையோடு நேரில் வந்துதான் வாங்க வேண்டும், ஓட்டத்தன்று காலையில் தர மாட்டார்கள். தோழியின் விமானம் தாமதமானால் நீங்கள் அவளுக்காக வாங்கி வைக்க முடியாது. கடைசி நாள் விமானத்தில் வருகிறேன் என்று சொல்லும் தோழியைத் திட்டித் திருத்துங்கள்.

பலூன் லேடீஸ் என்கிறார்களே, யார் அவர்கள்?

நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் பலூன் அக்காக்கள். கடைசிப் பட்டியின் கடைசி ஆளாக, பலூன் கட்டிக்கொண்டு, மைலுக்குச் சரியாக 16 நிமிட வேகத்தில் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் போய்விட்டால் நம்மை வழியில் நிறுத்தி வண்டியில் ஏற்றி முடிவிடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். மற்றபடி சிரித்த முகமும் உற்சாகமுமாகத்தான் வருகிறார்கள். யமனும் அப்படித்தான் வருவான் என்பது தோழியின் கருத்து.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். நீங்கள் மைலுக்கு 15 நிமிடத்தில் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நிமிடம் சேமிக்கிறீர்கள். பாதி தூரத்தில் கையில் இருப்பது 13 நிமிடம். மிக்கி மவுஸோடு படம் எடுக்க நிற்கும் வரிசை ஐந்து நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை போகும். இரண்டு படம் எடுத்தால் சேமிப்பு காலி. இதைக் காப்பாற்றுவது பட்டிதான். அக்காக்கள் கடைசியில் கிளம்புகிறார்கள் அல்லவா? நீங்கள் அவர்களுக்குக் கால் மணி முன்னால் கிளம்பினால் அந்தக் கால் மணியும் உங்கள் கணக்கில் வரவு. முந்தைய ஓட்டச் சான்றைக் கட்டாயம் அனுப்புங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது பெருமைக்காக அன்று, இந்த வரவுக்காக.

எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

இரண்டு மணிக்கு. ஓட்டம் காலை 5 மணிக்கு. விடுதிகளிலிருந்து பேருந்துகள் நடுச்சாமத்திலேயே ஓடத் தொடங்கும். பிறகு எப்காட் அருகே மைதானத்தில் இருட்டில் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டம் கிளம்பும்போதும் வாணவேடிக்கை. எங்கள் முறை வந்தபோது மணி ஏறக்குறைய ஆறு. தோழி தொடக்கக் கோட்டுக்குச் சற்று முன்பாகவே நின்று வாணவேடிக்கையைப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டாள். நான் கோட்டைத் தாண்டி நாலு அடி போய்த் திரும்பி, ‘வாடி!’ என்று கத்த வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு வேண்டும்.

ஜனவரியில் அங்கே ஏழேகால் மணிக்கு மேல்தான் சூரியன் எழும். முதலில் கிளம்புபவர்கள் இரண்டு மணி நேரம் இருட்டில் ஓடுவார்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த மாதத்தில் நேர வித்தியாசம் பத்தரை மணி. ஃப்ளோரிடாவின் அதிகாலை 2 மணி சென்னையில் நண்பகல் பன்னிரண்டரை. வந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும் என்றால் உங்களுக்கு எப்படியும் அந்த நேரத்தில் தூக்கம் வராது. நாங்கள் நாலு அலாரம் வைத்து எழுந்தோம்.

முந்தின இரவு என்ன சாப்பிடுவது?

பயிற்சியின்போது எது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதோ அது. எல்லோரும் பாஸ்தா என்பார்கள். நாங்கள் விடுதி அறைக்கு ஒரு சிறிய மின்குக்கர் கொண்டுபோய் சாதம் வைத்து, தயிரும் உப்பும் போட்டுச் சாப்பிட்டோம். ஊறுகாய் தொடவில்லை. அது தோழிக்குப் பெரிய தியாகம்.

வேடம் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் பாதிப் பேர் ஏதோ ஒரு வேடத்தில்தான் இருப்பார்கள். முகமூடி கூடாது, தரையில் இழுபடும் உடை கூடாது. எதைப் போட்டாலும் அதை அணிந்து ஒரு நீண்ட பயிற்சி ஓட்டம் ஓடிப் பாருங்கள். ஜரிகை, மினுமினுப்பு, வலைத்துணி எல்லாம் மூன்றாவது மணி நேரத்தில் அரம்போல அறுக்கும். நாங்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டோம். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம். எங்களைப் போல அதே நிறத்தில் இன்னும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள்.

ஃப்ளோரிடாவில் குளிரா?

இருக்கும், இல்லாமலும் இருக்கும். 2010இல் நடுங்க வைக்கும் குளிரில் ஓடியிருக்கிறார்கள். 2017இல் மின்னல் அபாயத்தால் சனிக்கிழமை அரை மாரத்தானையே ரத்துசெய்தார்கள், மறுநாள் முழு மாரத்தான் குளிரில் நடந்தது. எங்களுக்குத் தொடக்கத்தில் 8 டிகிரி, முடியும்போது 22. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், உடம்பு சூடானதும் கழற்றி ஓரத்தில் போட்டுவிடுவது வழக்கம். என் தோழி அவள் கணவருடைய ஸ்வெட்டரை எடுத்து வந்திருந்தாள். அது பழையது என்பது அவள் முடிவு.

கதாபாத்திரங்களோடு படம் எடுக்க நிற்கலாமா?

நில்லுங்கள், அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். ஆனால் மிக்கியை அடுத்த நாளும் பூங்காவில் பார்க்கலாம். வழக்கமாக வெளியே வராத பாத்திரங்கள் சாலையோரத்தில் நிற்பதுதான் அன்றைக்குச் சிறப்பு, வரிசையும் குறைவு. ஒருவர் வரிசையில் நிற்கும்போது மற்றவர் கழிப்பறை போய் வரலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

அப்படியென்றால் தொலைந்தது அங்கேதானா?

இல்லை, கழிப்பறையில். அனிமல் கிங்டத்தை விட்டு வெளியே வந்ததும் சாலையோரத்தில் தற்காலிகக் கழிப்பறைகள் வரிசையாக இருந்தன. அவள் ஒன்றில் போனாள், நான் இன்னொன்றில். வெளியே வந்து நான் அவளுக்காகக் காத்திருந்தேன். அவள் எனக்கு முன்பே வெளியே வந்து, நான் கிளம்பிவிட்டேன் என்று நினைத்து என்னைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். வாணவேடிக்கையில் தொடங்கி எல்லாவற்றையும் படம் பிடித்ததில் அவள் தொலைபேசி உயிரை விட்டிருந்தது. நான் ஒன்பது நிமிடம் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே சட்டை நிறத்தில் ஐந்து பெண்கள் வெளியே வந்தார்கள், ஒருத்தியும் அவள் இல்லை.

ஒன்பது நிமிடத்தில் மனம் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல வேண்டாம். மயங்கி விழுந்திருப்பாளா என்பதில் தொடங்கி, திருச்சி விடுதியில் ஒருமுறை என்னை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனாளே என்பதுவரை போயிற்று. கடைசியில் ஓடினேன். அடுத்த மைல் பலகையின் கீழே, கையில் பாதி வாழைப்பழத்தோடு, என்னைவிடக் கோபமாக நின்றுகொண்டிருந்தாள். ‘எங்கேடி போய்விட்டாய்?’ என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

ஆகவே ஒப்பந்தத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தொலைந்தால் அடுத்த மைல் பலகை. ஒவ்வொரு மைலுக்கும் கண்ணில் படாமல் போகவே முடியாத அளவுக்குப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள்.

நடுவில் ராட்டினம் ஏறலாம் என்கிறார்களே?

ஏறுகிறார்கள். அனிமல் கிங்டத்தில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டர் இருக்கிறது. பூங்கா அன்றைக்குத் திறந்த பிறகு அங்கே போய்ச் சேர்பவர்களில் சிலர் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு சுற்று போய்விட்டு மறுபடி ஓடுவது பல வருட வழக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகமானவர்கள் போகும்போது பூங்கா திறந்திருக்காது. திறந்த பிறகு வரும் மெதுவானவர்களிடம் நேரம் இருக்காது.

நாங்கள் ஏறவில்லை. அந்தப் பகுதி ஆனந்தபூர் என்ற கற்பனை ஆசிய நாடாக அமைக்கப்பட்டிருக்கிறது. கொடித்தோரணம், பெயிண்ட் உரிந்த சுவர், கையால் எழுதிய பலகைகள். பாதி தூரம் ஓடிய கண்ணுக்கு ஏதோ நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டது போலத் தோன்றியது. ‘டீக்கடை எங்கே?’ என்றாள் தோழி.

வழியில் சாப்பிட, குடிக்க?

தண்ணீரும் உப்புச்சத்துப் பானமும் அடிக்கடி கிடைக்கும். ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் இனிப்பு ஜெல்லும் வாழைப்பழமும் உண்டு. ஆனாலும் பழகியதைக் கையில் வைத்திருங்கள். நாங்கள் உப்புப் போட்ட கடலைமிட்டாய் கொண்டுபோனோம். மருத்துவக் கூடாரங்களில் ஐஸ் குச்சி போன்ற ஒன்றின் நுனியில் எதையோ தடவி நீட்டுவார்கள். அது வாசலின், உராய்வுக்குத் தடவிக்கொள்ள. வாயில் வைத்துவிட வேண்டாம். யார் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், தோழியின் ஆட்சேபங்களில் அது ஒன்று.

இதில் வேகமாக ஓடி ஜெயிப்பவர்களும் உண்டா?

உண்டு. பிரேசிலின் அட்ரியானோ பாஸ்டோஸ் இதை எட்டு முறை ஜெயித்திருக்கிறார். பரிசுத்தொகை கிடையாது. 2022இல் பிரிட்டனி ஷார்போனோ என்ற பெண் நான்கு நாளும் நான்கு ஓட்டங்களிலும் பெண்களில் முதலாவதாக வந்தார். நான்கையும் ஓடுவதற்கு டோப்பி சேலஞ்ச் என்று பெயர், மொத்தம் 48.6 மைல். சனி ஞாயிறு மட்டும் ஓடுவது கூஃபி சேலஞ்ச், 39.3 மைல். முதல் முறை ஓடுபவர்கள் பதக்க ஆசையில் இதில் விழ வேண்டாம். நான்கு நாள் தொடர்ந்து இரண்டு மணிக்கு எழுந்தால் எந்த நட்பும் தாங்காது.

கடைசி பத்து கிலோமீட்டர் எப்படி இருந்தது?

இருபத்தோராவது மைலில் தோழிக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் காலைப் பிடித்து நீவினேன், தன்னார்வலர் ஒருவர் வலிக்குத் தடவும் களிம்பு கொண்டுவந்தார். இருபது தாண்டிவிட்டதால் ஒப்பந்தப்படி அவளுக்கு உரிமை இருந்தது. ‘நீ போடி, நான் வருகிறேன்’ என்றாள். நான் மறுத்தேன். இரண்டாவது முறை சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

இதைக் கேட்பவர்கள் என்னைப் பெரிய தியாகி என்கிறார்கள். நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது: என் இடது கால் பெருவிரலில் அதற்குள் ஒரு கொப்புளம் நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. நடப்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவள் கெண்டைக்கால் அதைக் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஓட்டம் 15 விநாடி, நடை 45 விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்ததில் அக்காக்களிடமிருந்து எங்களுக்கு அரை மணி போல இடைவெளி இருந்தது, தொலைந்துபோனதும் தசைப்பிடிப்பும் போக. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்குக் கம்பங்களை எண்ணினாள். இந்தக் கம்பம் வரை ஓட்டம், அந்தக் கம்பம் வரை நடை. பேச்சு முழுதும் நின்றுபோயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திருச்சி விடுதி நாள்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்தது அபூர்வம், அன்றைய நாளில் இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இப்போதும் துல்லியமாக நினைவிருக்கிறது.

ஹாலிவுட் ஸ்டூடியோஸ் தாண்டி, ஏரிக்கரைப் பலகைப் பாதை வழியாக எப்காட். அங்கே ஒரு குளத்தைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். மெக்சிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ எல்லாம் உண்டு, இந்தியா இல்லை. முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு தேவாலயப் பாடற்குழு அங்கி அணிந்து, கைதட்டிப் பாடிக்கொண்டு நிற்கிறது. அதுவரை அழாதவள் தோழி. அவளுடைய இரண்டாவது ஆட்சேபம் இந்த வாக்கியத்தின் மீதுதான்.

முடிக்க முடியாமல் போனால்?

வண்டியில் முடிவிடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இருவரில் ஒருவரை மட்டும் நிறுத்தினால் மற்றவர் தொடர்வாரா என்பதையும் அந்தக் காகிதத்தில் எழுதிவைப்பது நல்லது. நாங்கள் ‘தொடர வேண்டும்’ என்று எழுதியிருந்தோம். செய்திருப்போமா என்பது தெரியாது.

மறுநாள்?

பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போவது வழக்கம். ஊழியர்கள் எல்லோரும் வாழ்த்துவார்கள். மாடிப்படி இறங்கும்போது பின்னோக்கி இறங்குங்கள், தொடை வலிக்காது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க வேண்டாம், வயிறு வலிக்கும்.

கைகோத்து ஒன்றாக முடித்தால் இருவருக்கும் ஒரே நேரம் வருமா?

வராது. எண் அட்டையில் உள்ள சிப், நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து முடிவுக் கோட்டைத் தாண்டிய நொடி வரை கணக்கிடும். ஒன்றாக முடித்தாலும், தொடக்கத்தில் யார் பின்னால் தாண்டினாரோ அவருக்கு நேரம் குறைவாக வரும்.

வாணவேடிக்கையைப் படம் பிடித்துக்கொண்டு நின்றவள் எனக்குப் பின்னால்தான் கோட்டைத் தாண்டினாள். முடிவில் கைகோத்துக்கொண்டு, புகைப்படக்காரருக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரே அடியாக எடுத்து வைத்தோம். என் நேரம் 6 மணி 48 நிமிடம் 31 விநாடி. அவளுடையது 6 மணி 48 நிமிடம் 24 விநாடி. ஒன்பது நிமிடம் கழிப்பறை வாசலில் நின்று, இருபத்தோராவது மைலில் காலைப் பிடித்துவிட்டு, அவள் வேகத்தில் முழுதும் ஓடிய நான் அதிகாரபூர்வமாக அவளிடம் ஏழு விநாடியில் தோற்றிருக்கிறேன். அவள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள்.